ருமேனியருக்கு 'கெட்' சொல்லித்தருவது எப்படி: ஒரு சொல், ஆறு பாடம்

நான் வேலைக்காக ருமேனியாவின் க்ளூஜ் நகரத்துக்கு வந்த இரண்டாம் ஆண்டு, எங்கள் ப்ளோக்கின் மூன்றாம் மாடியில் இருந்த செவிலியர் ஒருவர் ஆங்கிலம் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். ப்ளோக் என்றால் இங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு. அவர் அயர்லாந்தில் வேலைக்கு முயன்றுகொண்டிருந்தார். இலக்கணம் ஓரளவு தெரியும். படித்தால் புரியும். பேசும்போதும் எழுதும்போதும் மட்டும் 'கெட்' (get) என்ற சொல்லை எடுக்கவே மாட்டார். 'ஐ அப்டெயின்ட் தி ஜாப்', 'ஐ பிகேம் ஆங்க்ரி', 'ஐ அரைவ் அட் ஹோம்' என்று கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக இருக்கும் அவருடைய ஆங்கிலம்.

முதல் வாரம் அகராதியைத் திறந்து 'கெட்' சொல்லின் இருபத்திரண்டு பொருளையும் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். அவர் அத்தனையையும் அழகான கையெழுத்தில் நோட்டில் இறக்கினார். அடுத்த வாரம் அதில் ஒன்றைக்கூடப் பயன்படுத்தவில்லை. சரியான வழி பிடிபட எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் அவருக்கு ஒரு விண்ணப்பம் தாமதமாகிவிட்டது. அந்தக் கதை கீழே வருகிறது.

ருமேனியாவுக்கு வந்து உடன் வேலை செய்பவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் தமிழர்களும் இணையம் வழியாக ருமேனிய மாணவர்களைச் சேர்த்துக்கொள்பவர்களும் அந்த நான்கு மாதத்தை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ருமேனிய மொழி ஓரளவு காதில் விழுந்திருந்தால் போதும். ருமேனியச் சொற்களை ஒலிக்குத் தோராயமாகத்தான் தமிழில் எழுதியிருக்கிறேன். மாணவரிடம் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

காசு செலவழித்துப் புத்தகம் வாங்க வேண்டாம். ருமேனியச் சொற்களுக்கு டெக்ஸ் ஆன்லைன் என்ற இலவச அகராதித் தளம் இருக்கிறது. ருமேனியர்கள் தங்களுக்குள் ஒரு சொல்லைப் பற்றி வாக்குவாதம் வந்தால் அதைத்தான் திறப்பார்கள். ஆங்கிலத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டும் லாங்மனும் கற்பவர்களுக்காக வைத்திருக்கும் அகராதிகள் இணையத்தில் இலவசம். எனக்கு ஆன செலவு ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு கட்டு வெற்று அட்டை, கொஞ்சம் அச்சுப்படி. ஒருவேளை மதியச் சாப்பாட்டின் விலைகூட ஆகவில்லை.

இவற்றைவிட முக்கியம் மாணவரின் சொந்தக் காகிதங்கள். வேலைக்கு எழுதிய கடிதம், அலுவலக மின்னஞ்சல் நான்கைந்து, சுயவிவரம் இவற்றை முதல் வகுப்புக்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். அதில் 'அப்டெயின்', 'ரிசீவ்', 'பிகம்', 'அரைவ்' வரும் இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டமிடுங்கள். அதுதான் உங்கள் பாடப்புத்தகம். அடையாள அட்டை எண், முகவரி இருக்கும் பக்கங்களை வாங்க வேண்டாம். வந்துவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கட்டணம் வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. நீங்கள் வேலை அனுமதியில் வந்தவர் என்றால் உங்கள் 'பெர்மிஸ் உனிக்' அட்டை, அதாவது தங்கவும் வேலை செய்யவும் சேர்த்துத் தரும் அனுமதி, ஒரு குறிப்பிட்ட முதலாளியோடு கட்டப்பட்டது. பக்கத்தில் காசுக்குப் பாடம் எடுப்பது தனித் தொழிலாகக் கணக்கில் வரும், அதற்குத் தனிப் பதிவு வேண்டும். ருமேனியப் பணமான லெய் கைக்கு வரும் முன்பே ஒரு கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள். நான் காசு வாங்கவில்லை. அவர் எனக்கு ருமேனியம் சொல்லித்தந்தார், நான் ஆங்கிலம். அரை மணி அவருக்கு, அரை மணி எனக்கு. அந்த ஏற்பாடுதான் கடைசியில் என் பாடத்தையும் காப்பாற்றியது. அவர் ருமேனியத்தில் எதை எப்படிச் சொல்கிறார் என்று தெரியாமல் 'கெட்' சொல்லித்தர முடியாது.

2. முதல் ஐந்து நிமிடம் உச்சரிப்புக்கு

ருமேனிய எழுத்துமுறையில் 'கெட்' என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்தும் சேர்ந்தால் 'ஜெ' என்று ஒலிக்கும். அதனால் புதிதாகப் படிப்பவர் 'ஜெட்' என்பார். அவர்கள் பள்ளிப் பாடத்தில் பழங்குடி ஒன்றின் பெயரும் எழுத்துக்கு எழுத்து அப்படியேதான் வரும். கண் பழகிப்போயிருக்கும். இதற்கு விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். குளிர்காலத்தில் போடும் பூட்ஸுக்கு ருமேனியத்தில் 'கெதெ' என்று பெயர். 'கெதெ'வின் தலைதான் 'கெட்'டின் தலை என்று ஒரு வாக்கியம் சொன்னால் முடிந்தது.

3. 'லுவா' என்ற வினையைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்

நாம் 'வாங்கு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பால் வாங்குகிறோம், பத்துக்குப் பத்து வாங்குகிறோம், திட்டு வாங்குகிறோம், ஆட்களிடம் வேலை வாங்குகிறோம். ருமேனியர்களுக்கு அந்த இடத்தில் 'அ லுவா' இருக்கிறது. 'அம் லுவாத் லப்தெ' என்றால் பால் வாங்கினேன். 'அம் லுவாத் ஸெச்செ' என்றால் பத்து மதிப்பெண் வாங்கினேன். அங்கே பள்ளியில் மதிப்பெண் பத்துக்குத்தான். 'அம் லுவாத் பாகுல்' என்றால் பள்ளி இறுதித் தேர்வான பக்கலோரியாவில் தேறிவிட்டேன்.

அகராதியில் 'லுவா'வுக்கு முதலில் வரும் ஆங்கிலச் சொல் 'டேக்'. அதனால் மாணவர் 'ஐ டுக் எ டென்', 'ஐ டுக் மில்க்' என்பார். இரண்டாவது வாக்கியத்தைக் கேட்கும் ஆங்கிலேயர் அவர் யாருடைய பாலையோ எடுத்துவிட்டார் என்று நினைப்பார்.

மாணவரிடம் 'லுவா' வரும் பத்து வாக்கியங்களை ருமேனியத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: அந்தப் பொருள் உன்னிடம் வந்து சேர்ந்ததா, இல்லை நீ கைநீட்டி எடுத்தாயா? வந்து சேர்ந்தால் 'கெட்'. கையால் எடுத்தால் 'டேக்'. மதிப்பெண், சம்பளம், வேலை, கடிதம், கடையில் வாங்கிய பால் எல்லாம் வந்து சேர்ந்தவை. மேசைமேல் இருந்த சாவி எடுத்தது. மாத்திரை, ரயில் இரண்டும் ஆங்கிலத்திலும் 'டேக்'தான், அவற்றைத் தனியாக மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுங்கள்.

'ப்ரிமி' என்று இன்னொரு வினை இருக்கிறது, பெறுவது என்று பொருள். இதை மாணவர்கள் 'ரிசீவ்' என்று மாற்றுவார்கள். பிழை இல்லை. ஆனால் பிறந்தநாளுக்கு வந்த பரிசைப் பற்றித் தோழியிடம் சொல்லும்போது 'ரிசீவ்' என்றால் அலுவலகக் கடிதம் படிப்பது போல் இருக்கும்.

4. போய்ச் சேர்வது: 'அஷுங்'

'அஷுங் அகசா லா ஷசெ' என்றால் ஆறு மணிக்கு வீடு போய்ச் சேர்வேன். ஆங்கிலத்தில் 'ஐ கெட் ஹோம் அட் சிக்ஸ்'. இங்கே சொல்லித்தர வேண்டியது ஒன்றுதான். ஹோம், ஹியர், தேர் மூன்றுக்கும் முன்னால் 'டு' வராது. வேலைக்கு, ஸ்டேஷனுக்கு, ஊருக்கு என்றால் 'டு' வரும். இருபது நிமிடத்தில் முடித்துவிடலாம்.

5. 'ஸெ': இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

இரண்டு முழு வகுப்பை இதற்கு ஒதுக்குங்கள். எனக்கு இது புலப்பட்டது தற்செயலாக. ஒரு நாள் அவர் எனக்கு ருமேனியம் சொல்லித்தந்தபோது வரிசையாக எழுதினார்: மம் இம்பிரகத், மம் கஸதொரித், மம் ஸுபரத், மம் ரதச்சித். உடை உடுத்திக்கொண்டேன், திருமணம் செய்துகொண்டேன், கோபித்துக்கொண்டேன், வழி தவறிவிட்டேன். 'மம்' என்பது 'என்னை' என்ற பொருளுள்ள ஒரு துண்டு வினையோடு ஒட்டியது. அகராதியில் இந்த வினைகள் 'ஸெ' என்று தொடங்கும். நான் அவற்றை ஆங்கிலத்தில் பக்கத்தில் எழுதினேன்: காட் டிரெஸ்ட், காட் மேரிட், காட் ஆங்க்ரி, காட் லாஸ்ட். நான்கிலும் 'காட்'. அவர் பேனாவை வைத்துவிட்டு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அவரே எழுத ஆரம்பித்தார். சலித்துப்போனேன், பயந்துபோனேன், நனைந்துபோனேன், குண்டாகிவிட்டேன், பழகிக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் ருமேனியத்தில் 'மம்', ஆங்கிலத்தில் 'காட்'.

தமிழைப் பாருங்கள். நாமும் அங்கே 'கொள்', 'போ', 'ஆகு' என்று ஒரு துணைவினையை ஒட்டவைக்கிறோம். ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறியதைச் சொல்ல ருமேனியத்துக்கு 'ஸெ', தமிழுக்குத் துணைவினை, ஆங்கிலத்துக்கு 'கெட்'. தமிழ் பேசும் ஒருவருக்கு இதைச் சொல்லித்தர இயற்கையாகவே வசதி இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் 'ஸெ' வரும் எல்லா இடத்திலும் 'கெட்' போட முடியாது. யோசிப்பது, விளையாடுவது, பார்ப்பது, நடப்பது இவற்றுக்கும் ருமேனியத்தில் 'ஸெ' உண்டு. அங்கே 'கெட்' போட்டால் வாக்கியம் சிதைந்துவிடும். இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை இது: அதே வினையின் முடிந்த வடிவத்துக்கு முன்னால் 'ஸுந்த்' சேர்க்கச் சொல்லுங்கள். 'ஸுந்த்' என்றால் 'நான் இருக்கிறேன்'. 'ஸுந்த் ஸுபரத்', கோபமாக இருக்கிறேன், சரியாக வருகிறது. 'ஸுந்த் கஸதொரித்', திருமணமானவன், வருகிறது. 'யோசித்ததாக இருக்கிறேன்' என்று ருமேனியத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். வந்தால் 'கெட்', வராவிட்டால் சாதாரண வினை. பெரும்பாலும் இது காப்பாற்றும். குளிப்பது, கழுவிக்கொள்வது போன்ற சில தப்பிக்கும், அவற்றை ஓரமாக எழுதி வையுங்கள்.

'ஸெ' இல்லாமலேயே 'கெட்' ஆகும் சிலவும் உண்டு. 'அம் ஒபொஸித்', களைத்துவிட்டேன், 'ஐ காட் டயர்ட்'. 'அம் ரசித்', சளி பிடித்துவிட்டது, 'ஐ காட் எ கோல்ட்'. அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. 'மியே ஃபோஅமெ' என்றால் எனக்குப் பசிக்கிறது. நம்மைப் போலவே 'எனக்கு' என்றுதான் சொல்கிறார்கள். பசி வந்துவிட்டது என்பதற்கு 'மி ஸா ஃபகூத் ஃபோஅமெ'. இதற்கு 'ஐ காட் ஹங்க்ரி'. இருட்டிவிட்டது, நேரமாகிவிட்டது என்பதற்கும் இதே அமைப்புதான்: 'ஸா ஃபகூத் தர்ஸியு', 'இட் காட் லேட்'.

இந்தப் படியில் மூன்று பொறிகள். முதலாவது, ருமேனியத்தில் 'ஒருவரோடு' திருமணம் செய்வார்கள், அதனால் 'காட் மேரிட் வித்' வரும். 'டு' என்று திருத்துங்கள். இரண்டாவது, 'ஐ ஆம் மேரிட் இன் 2015' என்று எழுதுவார்கள். ஆண்டு வந்தாலே அது நிகழ்ச்சி, 'காட் மேரிட்' வேண்டும். படிவத்தில் கேட்கும் திருமண நிலைக்கு மட்டும் வெறும் 'மேரிட்'. மூன்றாவது, பழகிக்கொள்வதற்கு 'காட் யூஸ்ட் டு' சரிதான், ஆனால் சீக்கிரம் எழுந்து பழகியதைச் சொல்லும்போது அதற்குப் பின்னால் 'வேக்' போட்டுவிடுவார்கள். 'வேக்கிங்' என்று வர வேண்டும். ருமேனியத்தில் அந்த இடத்தில் 'ஸ' என்ற இடைச்சொல்லும் வினையும் வருவதால் இந்தப் பிழை வருகிறது. ஒரு தடவை திருத்தினால் போகாது, பத்துத் தடவை திருத்த வேண்டும்.

6. முடி வெட்டிக்கொண்டேன்: வேறொருவர் செய்து தந்தது

'மம் துன்ஸ்' என்று ஒரு ருமேனியர் சொன்னால் முடிதிருத்தும் கடைக்குப் போய் வந்தார் என்று பொருள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'என்னை வெட்டிக்கொண்டேன்'. நாமும் 'முடி வெட்டிக்கொண்டேன்' என்போம், யாரும் நாமே கத்தரியை எடுத்தோம் என்று நினைக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் 'ஐ கட் மை ஹேர்' என்றால் தானே வெட்டிக்கொண்டதுதான். கடையில் வெட்டியிருந்தால் 'ஐ காட் மை ஹேர் கட்'. காருக்கும் இதே கதை. 'மியம் ரெபரத் மஷினா' என்பவர் காரை மெக்கானிக்கிடம் விட்டிருப்பார்.

முடியிலும் காரிலும் பிழை வந்தால் யாருக்கும் நட்டமில்லை. காகிதங்களில் வந்தால் நட்டம். என் மாணவி அயர்லாந்தில் ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலில் தன் டிப்ளமாவைப் பற்றி 'ஐ ட்ரான்ஸ்லேட்டட் மை டிப்ளமா' என்று எழுதியிருந்தார். ருமேனியத்தில் 'மியம் த்ரதுஸ் திப்லொமா' என்று மனத்தில் ஓடியதை அப்படியே மாற்றியது. உண்மையில் அவர் நீதி அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, முத்திரை வாங்கி, நோட்டரியிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். பக்கத்துக்கு இவ்வளவு என்று இரண்டு இடத்திலும் காசு கொடுத்தாயிற்று. அங்கிருந்து பதில் வந்தது: விண்ணப்பதாரர் தானே செய்த மொழிபெயர்ப்பை நாங்கள் ஏற்பதில்லை. விளக்கி எழுதி, நகல் அனுப்பி, அவர்கள் திரும்பப் பார்த்து முடிக்க இரண்டு வாரத்துக்கு மேல் போய்விட்டது. அந்த மின்னஞ்சலை அனுப்பும் முன் என்னிடம் காட்டியிருந்தார். எனக்கும் அது பிழையாகப் படவில்லை. தமிழ்க் காதுக்கு அது சரியாகத்தானே கேட்கிறது. அந்தக் குற்றவுணர்வில்தான் இந்தப் பாடத்தை ஒழுங்காக எழுதி வைக்கத் தொடங்கினேன்.

ஆகவே காகித வேலைகளுக்கு மட்டும் தனியாக ஓர் அட்டை போடுங்கள். மொழிபெயர்க்கக் கொடுத்தது, நோட்டரியிடம் சரிபார்த்தது, நகல் எடுத்தது, போட்டோ எடுத்துக்கொண்டது, கண் பரிசோதித்துக்கொண்டது, கையெழுத்து வாங்கியது. ஒவ்வொன்றையும் 'ஐ காட்', பிறகு பொருள், பிறகு வினையின் மூன்றாம் வடிவம் என்ற வரிசையில் எழுதச் சொல்லுங்கள். வரிசை மாறினால் பொருளே மாறிவிடும். 'ஐ காட் மை டிப்ளமா ட்ரான்ஸ்லேட்டட்' என்றால் வேறொருவர் செய்தது. 'ஐ ஹேவ் ட்ரான்ஸ்லேட்டட் மை டிப்ளமா' என்றால் தானே செய்தது. கடிதத்தில் எழுதும்போது 'காட்' இடத்தில் 'ஹேட்' போட்டால் இன்னும் பொருத்தம். செய்தவர் யார் என்பதையும் 'பை' சேர்த்துச் சொல்லிவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

ஆளைச் செய்யவைப்பதும் இங்கேயே வரும். மேலாளரைக் கையெழுத்துப் போடவைத்தேன் என்பதற்கு 'ஐ காட் த மேனேஜர் டு சைன்'. 'மேக்' வந்தால் 'டு' கிடையாது, 'கெட்' வந்தால் 'டு' வேண்டும். மாணவர்கள் இரண்டையும் குழப்புவார்கள். 'மேக்' என்றால் கட்டாயப்படுத்தியது, 'கெட்' என்றால் பேசிப் பேசிச் சம்மதிக்கவைத்தது என்று சொல்லுங்கள். நம் 'வேலை வாங்குவது' ஏறத்தாழ இந்த இரண்டாவதுதான்.

7. ஏறுவது, இறங்குவது, சமாளிப்பது

'கெட்'டோடு ஒட்டும் சின்னச் சொற்களை எல்லாம் பட்டியல் போட்டால் மாணவர் மறுபடியும் நோட்டை மூடிவிடுவார். அன்றாடம் தேவைப்படும் ஏழெட்டு போதும்.

ருமேனியத்தில் பஸ்ஸிலும் காரிலும் ஒரே மாதிரிதான் ஏறுவார்கள், 'உர்க் இன்' என்று. அதனால் 'கெட் இன் தி பஸ்' வரும். உள்ளே நின்று நடக்க முடிகிற வண்டிக்கு 'ஆன்', குனிந்து உட்காரும் வண்டிக்கு 'இன்' என்று சொல்லுங்கள். பஸ், ரயில், விமானம் ஒரு பக்கம். கார், டாக்ஸி இன்னொரு பக்கம்.

இறங்குவதில் ஆசிரியருக்கே ஒரு பொறி இருக்கிறது. 'ஐ கெட் டவுன் ஃப்ரம் தி பஸ்' என்று மாணவர் சொல்வார். நமக்குப் பிழையே தெரியாது, ஏனென்றால் நம் ஊரிலும் 'நெக்ஸ்ட் ஸ்டாப்பில் கெட் டவுன் பண்ணணும்' என்றுதான் பேசுகிறோம். ஆங்கிலேயரும் ஐரிஷ்காரரும் 'கெட் ஆஃப்' என்பார்கள். மாணவரைத் திருத்தும் முன் உங்கள் நாக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

அலுவலக மின்னஞ்சலில் ருமேனியர்கள் அடிக்கடி எழுதுவது 'ரெவின்', திரும்பி வருகிறேன் என்று. அதை 'ஐ கம் பேக் வித் ஆன் ஆன்ஸர்' ஆக்குவார்கள். 'ஐ வில் கெட் பேக் டு யூ' என்று மாற்றுங்கள். பழைய சோபாவை ஒழித்துக்கட்டியதை 'ஐ எஸ்கேப்ட் ஃப்ரம்' என்பார்கள், ருமேனியத்தில் அது தப்பித்தது போலத்தான் இருக்கும். அங்கே 'காட் ரிட் ஆஃப்'.

'ம தெஸ்கூர்க்' என்று ஒரு சொல்லை நாளுக்கு நான்கு தடவை கேட்பீர்கள். எப்படியோ சமாளித்துக்கொள்கிறேன் என்று பொருள். ஆங்கிலம் தெரியுமா என்று கேட்டால்கூட அதுதான் பதில். அதற்கு 'ஐ கெட் பை'. புரிந்துவிட்டது என்பதற்கு இளைஞர்கள் 'மம் பிரின்ஸ்' என்பார்கள், பிடித்துவிட்டேன் என்பது போல. அதற்கு 'ஐ கெட் இட்' அல்லது 'காட் இட்'. இந்த இரண்டையும் கற்றுக்கொடுத்த அன்றே மாணவர் பயன்படுத்துவார். வேறு எதுவும் இவ்வளவு சீக்கிரம் ஒட்டாது.

'ஹேவ் காட்', 'ஹேவ் காட் டு' இரண்டையும் கடைசியில் ஐந்து நிமிடம் சொன்னால் போதும். முதலாவது வெறும் 'இருக்கிறது', இரண்டாவது 'த்ரெபுயே', அதாவது வேண்டும். அமெரிக்கர்கள் 'காட்டன்' என்பதைப் படத்தில் கேட்டிருப்பார்கள், கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

8. எங்கே 'கெட்' கூடாது

இத்தனை வாரம் 'கெட்' சொல்லச் சொல்லிவிட்டு இப்போது பிரேக் போட வேண்டியிருக்கும். மாணவருக்குக் கதவு திறந்ததும் எல்லா இடத்திலும் அதையே போட ஆரம்பிப்பார். வேலை விண்ணப்பம், புகார்க் கடிதம், தேர்வுக் கட்டுரை இவற்றில் அவருடைய பழைய 'அப்டெயின்', 'ரிசீவ்', 'பிகம்' தான் நல்லது. அவற்றை அவர் ஏற்கெனவே நன்றாக அறிவார். ருமேனியமும் லத்தீன் வழி வந்த மொழி என்பதால் அந்தச் சொற்களில் சிலவற்றுக்கு அங்கே உறவினர் உண்டு. ஒரே செய்தியைத் தோழிக்கு ஒரு தடவையும் மேலதிகாரிக்கு ஒரு தடவையும் எழுதச் சொல்லுங்கள். இதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை.

9. கால அட்டவணையும் தேர்வும்

வாரம் ஒரு வகுப்பு, 45 நிமிடம், ஆறு வாரம். முதல் வாரம் உச்சரிப்பும் 'லுவா'வும். இரண்டாவது வாரம் 'அஷுங்', மீதி நேரத்தில் முதல் வாரத்தின் திருப்புதல். மூன்றும் நான்கும் 'ஸெ'. ஐந்தாவது வாரம் காகித வேலைகள். ஆறாவது வாரம் ஏறுவதும் இறங்குவதும். எட்டாம் படியில் சொன்ன கடிதப் பயிற்சியை மூன்றாவது வாரத்திலிருந்தே வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். இரண்டு வகுப்பை ஒரே வாரத்தில் அடைத்துப் பார்த்தேன், பலன் இல்லை. நடுவில் ஒரு வாரம் இருந்தால்தான் மாணவர் அதை வேலையிடத்தில் பேசிப் பார்க்க முடியும்.

மாணவர் கேம்பிரிட்ஜின் பி-2 ஃபர்ஸ்ட் தேர்வு எழுதுபவரானால் ஐந்தாவது வாரத்தை இரண்டாக்குங்கள். அதில் வாசிப்பும் மொழிப் பயன்பாடும் சேர்ந்த தாள் 75 நிமிடம். அதன் நான்காம் பகுதியில் ஒரு சொல்லைக் கொடுத்து வாக்கியத்தை மாற்றி எழுதச் சொல்லும் ஆறு கேள்விகள் வரும். இரண்டிலிருந்து ஐந்து சொல்லுக்குள் நிரப்ப வேண்டும். வேறொருவரைக் கொண்டு செய்துகொள்ளும் அமைப்பு அங்கே கேட்க ஏற்ற தீனி.

ஐஎல்டிஎஸ் எழுதுபவரிடம் வேறு ஒன்றைச் சொல்லுங்கள். அந்தச் சான்றிதழைப் பொதுவாக இரண்டு ஆண்டுக்குத்தான் ஏற்பார்கள். டிப்ளமா மொழிபெயர்ப்பு, நோட்டரி, தகுதி அங்கீகாரம் எல்லாம் இழுத்துக்கொண்டு போனால், முதலில் அவசரப்பட்டு எழுதிய தேர்வு காலாவதியாகிவிடும். கட்டணத்தை இன்னொரு தடவை கட்ட வேண்டிவரும். காகித வேலை பாதி முடிந்த பிறகு தேதி வாங்கச் சொல்லுங்கள்.

தேறிவிட்டாரா என்று பார்க்க நான் தனியாகத் தேர்வு வைப்பதில்லை. முதல் வாரம் பென்சிலால் வட்டமிட்ட அவருடைய பழைய மின்னஞ்சல்களை எடுத்து, புதிதாக எழுதச் சொல்வேன். என் மாணவி ஆறாவது வாரம் அந்த டிப்ளமா வாக்கியத்தைத் தானாகவே முதலில் எடுத்துத் திருத்தினார். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு 'இட்ஸ் கெட்டிங் லேட்' என்று சொல்லி நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குக் கிளம்பினார்.